ஹோலிஸ்டிக் கால்நடை மருத்துவரிடம் போனால் என்ன நடக்கும்?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், புதிதாகப் படிப்பவர்களுக்கும் புரியட்டும். 11 வயது லாப்ரடார். பின்னங்கால் மூட்டு தேய்ந்துபோய் எழுந்து நிற்கவே சிரமப்படுகிறது. வலி மாத்திரை கொடுத்தால் வாந்தி. தெரிந்தவர் ஒருவர் ஹோலிஸ்டிக் டாக்டரிடம் காட்டச் சொல்லியிருக்கிறார். அங்கே என்னதான் செய்வார்கள், நம்பிப் போகலாமா, இல்லை ஏமாற்று வேலையா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் கால்நடை மருத்துவன். பல வருடங்கள் வழக்கமான சிகிச்சை மட்டும் பார்த்துவிட்டு, அப்புறம் அக்குபங்சர் பயிற்சி எடுத்துக்கொண்டவன். அதனால் இரண்டு பக்கத்திலிருந்தும் எனக்குத் திட்டு விழும். ஒரு தரப்புக்கு நான் ஊசி குத்தும் மந்திரவாதி, இன்னொரு தரப்புக்கு எதற்கெடுத்தாலும் ஸ்டீராய்டு எழுதும் ஆள். பரவாயில்லை. என் பதில், தாராளமாகப் போங்கள். ஆனால் அங்கே தரும் பாட்டில்களைவிட அங்கே கேட்கும் கேள்விகளுக்குத்தான் மதிப்பு அதிகம் என்பதைத் தெரிந்துகொண்டு போங்கள்.

அதற்கு முன்னால் அவசரமானது ஒன்று. வலி மாத்திரை சாப்பிட்டு வாந்தி எடுக்கும் நாய்க்கு அடுத்த வேளை மாத்திரையைக் கொடுக்காமல், எழுதிக்கொடுத்த டாக்டருக்கு இன்றே போன் செய்யுங்கள். மெலாக்சிகாம், கார்ப்ரோஃபென் போன்றவை சில நாய்களுக்கு வயிற்றில் புண்ணை உண்டாக்கும், சிறுநீரகத்தையும் கல்லீரலையும் பாதிக்கும். மலம் தார் போலக் கறுப்பாகப் போனாலோ, சாப்பிடாமல் சுருண்டு படுத்தாலோ, அடுத்த வாரம் வாங்கிவைத்திருக்கும் ஹோலிஸ்டிக் அப்பாயின்ட்மென்ட்டுக்காகக் காத்திருக்கக் கூடாது. மருந்தின் அளவைக் குறைக்கலாம், வேறு வகைக்கு மாறலாம், கபாபென்டின் போல வயிற்றைத் தொடாத மருந்துகளும் உண்டு. ஒரு மாத்திரை சேரவில்லை என்றால் ஆங்கில மருத்துவமே சேரவில்லை என்று அர்த்தமில்லை. மனிதர்களுக்கான வலி மாத்திரையைப் பாதி உடைத்துக்கூடக் கொடுத்துவிடாதீர்கள். இபுப்ரோஃபென் நாய்க்கு விஷம், ஒரு பூனை சாவதற்கு ஒரே ஒரு பாராசிட்டமால் மாத்திரை போதும்.

சரி, விஷயத்துக்கு வருவோம். ஹோலிஸ்டிக் என்பது பட்டமல்ல, ஒரு அணுகுமுறைக்கு வைத்த பெயர். மூட்டை மட்டும் பார்க்காமல் சாப்பாடு, எடை, தூக்கம், வீட்டுத் தரை, பயம், சலிப்பு என எல்லாவற்றையும் சேர்த்துப் பார்ப்பது என்பதுதான் அதன் நல்ல அர்த்தம். மோசமான அர்த்தம், ரத்தப் பரிசோதனை தேவையில்லை, தடுப்பூசி வேண்டாம், இந்தச் சொட்டு மருந்து எல்லாவற்றையும் சரி செய்யும் என்பது. ஒரே பெயர்ப்பலகைக்குப் பின்னால் இரண்டு வகை ஆட்களும் உட்கார்ந்திருக்கிறார்கள். அதனால் முதலில் பார்க்க வேண்டியது அவர் பதிவு பெற்ற கால்நடை மருத்துவரா என்பதை. அடுத்தது, செய்யும் சிகிச்சைக்கு எங்கே பயிற்சி எடுத்தார் என்பதை. அக்குபங்சருக்கு 1974-ல் தொடங்கிய சர்வதேசக் கால்நடை அக்குபங்சர் சங்கம் கால்நடை மருத்துவர்களுக்குப் பல மாதப் பயிற்சி கொடுத்துச் சான்றிதழ் தருகிறது. வார இறுதியில் இரண்டு நாள் வகுப்புக்குப் போய்விட்டு வந்து குத்துபவர்களும் இருக்கிறார்கள். கேட்டால் தப்பாக நினைப்பாரோ என்று தயங்காதீர்கள், ஒழுங்காகப் படித்தவருக்கு இந்தக் கேள்வி பிடிக்கும்.

முதல் தடவை போகும்போது நேரத்தை ஒதுக்கிக்கொண்டு போங்கள். வழக்கமான கிளினிக்கில் 10, 15 நிமிடத்தில் முடிகிற வேலை இங்கே ஒரு மணி நேரம், சில சமயம் ஒன்றரை மணி நேரம்கூட ஆகும். அதில் பாதி நேரம் உங்களைத்தான் கேள்வி கேட்பார்கள். என்ன சாப்பிடுகிறது, எத்தனை கிராம், யார் போடுவது, மேஜையிலிருந்து யார் ரகசியமாகத் தருவது, மலம் எப்படி, தண்ணீர் முன்பைவிட அதிகம் குடிக்கிறதா, எங்கே படுக்கிறது, குளிர்ந்த தரையைத் தேடிப் போகிறதா வெதுவெதுப்பான இடத்தைத் தேடிப் போகிறதா, காலையில் அதிகம் நொண்டுகிறதா மாலையிலா, வீட்டில் புதிதாக யாராவது வந்தார்களா, யாராவது போனார்களா. சிலருக்கு எரிச்சல் வரும், கால் வலிக்கு எதற்கு இதெல்லாம் என்று. ஆனால் காலையில் எழும்போது நொண்டி, நடக்க நடக்கச் சரியானால் அது பெரும்பாலும் மூட்டு. நடக்க நடக்க மோசமானால் நரம்பு, தசைநார், இதயம் என்று வேறு பக்கம் யோசிக்க வேண்டியிருக்கும். ஆகவே அது வம்புப் பேச்சு அல்ல.

அப்புறம் உடல் பரிசோதனை. சீன மரபு படித்தவர் என்றால் நாக்கின் நிறத்தைப் பார்ப்பார், இரண்டு தொடையின் உட்புறமும் ஒரே நேரத்தில் விரல் வைத்து நாடி பார்ப்பார், முதுகெலும்பின் இரண்டு பக்கமும் கட்டை விரலால் அழுத்திக்கொண்டே போய் எந்த இடத்தில் தோல் துடிக்கிறது என்று கவனிப்பார். இதோடு இதயத்துடிப்பு கேட்பது, வயிற்றைத் தடவிப் பார்ப்பது, மூட்டை மடக்கி நீட்டுவது, பல் பார்ப்பது எல்லாம் கட்டாயம் நடக்க வேண்டும். நடக்கவில்லை என்றால் அதைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். பழைய எக்ஸ்ரே, ரத்தப் பரிசோதனை முடிவுகள், கொடுக்கிற எல்லா மருந்து, சப்ளிமென்ட் டப்பாக்களின் படங்கள், ஒரு வாரத்தில் சாப்பிட்டதன் பட்டியல் ஆகியவற்றை எடுத்துப் போங்கள். முக்கியமாக வீடியோ. படுக்கையிலிருந்து எழுவது, படி ஏறுவது, பக்கவாட்டிலிருந்து பத்தடி நடப்பது என்று மூன்று துண்டு போதும். கிளினிக்குக்கு வந்ததும் பதற்றத்தில் எந்த நாயும் நொண்டாது, இது எங்கள் தொழிலின் சாபம்.

வீடியோ பற்றி ஒரு சம்பவம் சொல்கிறேன். ஒரு வயதான நாய், சாப்பாட்டில் ஆர்வமே போய்விட்டது, கிட்டத்தட்டக் கடைசிக் கட்டம் என்று கூட்டி வந்தார்கள். ரத்தத்தில் பெரிய கோளாறு ஒன்றும் தெரியவில்லை. வீட்டில் சாப்பிடும் நேரத்தில் வீடியோ எடுத்து அனுப்பச் சொன்னேன். பளபளவென்று மெழுகியது போன்ற டைல்ஸ் தரை, தட்டு அறையின் அந்தக் கோடியில். நாய் கம்பள விளிம்பில் நின்று தட்டையே பார்க்கிறது. ஒரு கால் எடுத்து வைக்கிறது, டக் டக்கென்று நகச் சத்தம், பின்னங்கால் இரண்டும் மெதுவாக விலகிக்கொண்டே போகின்றன, திரும்பி வந்து படுத்துக்கொள்கிறது. பசி இருந்திருக்கிறது, பத்தடி தூரத்தைக் கடக்கத்தான் பயம். நகங்களை வெட்டினோம், உள்ளங்கால் பஞ்சுக்கு நடுவில் வளர்ந்திருந்த முடியைக் கத்தரித்தோம், தட்டு வரைக்கும் வழுக்காத பாய் விரிக்கச் சொன்னேன், தட்டைக் கொஞ்சம் உயர்த்தி வைக்கச் சொன்னேன். அன்றே அக்குபங்சரும் செய்திருந்தேன். இரண்டு வாரத்தில் நாய் ஆளே மாறிவிட்டது. ஊருக்கெல்லாம் அவர்கள் சொன்னது ஊசியின் மகிமையை. பாயைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

அக்குபங்சர் எப்படி இருக்கும் என்று தெரியாமல் பயப்படுவார்கள். ஊசி தடுப்பூசியினுடையது போல உள்ளே ஓட்டையுள்ளது அல்ல, முடியைவிடக் கொஞ்சம் தடிமனான திடக் கம்பி, கால் மில்லிமீட்டர் அளவுதான். பெரும்பாலும் முதல் ஊசியை முதுகெலும்பின் இடுப்புப் பகுதி முடிந்து இடுப்புக்கூட்டோடு சேரும் இடத்தில் இருக்கும் குழியில் வைப்போம், பாய்ஹுய் என்று பெயர். நாய் திரும்பி ஒரு முறை பார்க்கும், யார் அது என்பது போல. அடுத்தடுத்த ஊசிகளில் பார்ப்பதுகூட இல்லை. நாலைந்து நிமிடத்தில் ஒரு பெருமூச்சு வரும், கண் பாதி மூடும், கீழுதடு தொங்கும். 20 நிமிடம் அப்படியே இருக்கவிட்டு எடுத்துவிடுவோம். இடுப்பை உலுக்கி இரண்டு ஊசியை அறையின் மூலையில் தெறிக்கவிடும் நாய்களும் உண்டு, எண்ணித்தான் பொறுக்க வேண்டும். சில சமயம் ஊசிகளில் மெல்லிய மின்சாரம் இணைப்போம். வலிப்பு நோய் இருந்தால் அது வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும், கட்டி இருக்கும் இடத்தில் ஊசியே வைக்கக் கூடாது. அன்று முழுக்கத் தூங்கினால் பயப்பட வேண்டாம். வாரம் ஒன்றாக நாலு முதல் ஆறு தடவை, பலன் தெரிந்தால் இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போவது என்பதுதான் வழக்கம்.

வேலை செய்யுமா? எனக்கு வயிற்றுப்பாடு அதில்தான், அதனால் என்னை முழுக்க நம்பாமல் ஆய்வுகளைக் கேளுங்கள். ஊசி குத்திய இடத்தில் அடினோசின் என்ற வேதிப்பொருள் கூடி வலி குறைவதை 2010-ல் எலிகளில் காட்டியிருக்கிறார்கள், அதாவது நரம்பு மட்டத்தில் ஏதோ நிஜமாகவே நடக்கிறது. மறுபக்கம், வீட்டுப் பிராணிகளிலும் கால்நடைகளிலும் நடந்த சோதனைகளை 2006-ல் மொத்தமாகத் திரட்டிப் பார்த்தவர்கள், பரிந்துரைக்கவோ நிராகரிக்கவோ போதுமான உறுதியான ஆதாரம் இல்லை என்றுதான் முடித்தார்கள். என் அனுபவத்தில் முதுகுத்தண்டு வட்டு நழுவிய நாய்களுக்கும் மூட்டு வலிக்கும் கை கொடுக்கிறது, தோல் அரிப்புக்கும் சிறுநீரக நோய்க்கும் பெரிதாக ஒன்றும் நான் பார்க்கவில்லை. அனுபவம் என்பது எவ்வளவு ஏமாற்றும் என்பதற்கும் ஓர் ஆய்வு இருக்கிறது. மூட்டு வலியால் நொண்டும் நாய்களுக்கு வெறும் வெற்று மாத்திரை கொடுத்து, நடையைக் கருவியில் அளந்துகொண்டே, வளர்ப்பவர்களிடமும் கருத்துக் கேட்டார்கள். 2012-ல் வெளியானது. கருவியில் மாற்றமில்லாதபோதும் முன்னேற்றம் தெரிகிறது என்று வளர்ப்பவர்கள் சொன்னது ஏறக்குறைய 57 சதவீதம். அதில் இருந்த கால்நடை மருத்துவர்களும் பெரிய யோக்கியர்கள் இல்லை, 40 சதவீதத்துக்கு மேல் அவர்களும் ஏமாந்தார்கள். நாய்க்கு நம்பிக்கை வைத்தியம் பலிக்காது, அதனால் நாய் தேறினால் மருந்து நிஜம் என்று சொல்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள், தேறியதா என்று பார்ப்பது நாம்தானே. அதற்காகத்தான் முதல் நாள் வீடியோ.

உங்கள் லாப்ரடாருக்கு வருகிறேன். எடை எவ்வளவு என்று நீங்கள் எழுதவில்லை, லாப்ரடார் வளர்ப்பவர்கள் எழுத மாட்டார்கள். விலா எலும்பில் கை வைத்துத் தடவினால், நம் புறங்கையில் விரல் எலும்புகள் தட்டுப்படுவது போலத் தட்டுப்பட வேண்டும். அழுத்தித் தேட வேண்டியிருந்தால் குண்டு. 48 லாப்ரடார்களைக் குட்டியிலிருந்து சாகும் வரை பின்தொடர்ந்த ஆய்வு ஒன்று 2002-ல் வெளிவந்தது. ஒரே ஈற்றுக் குட்டிகளை ஜோடி ஜோடியாகப் பிரித்து, ஒன்றுக்கு மற்றதைவிட 25 சதவீதம் குறைவாகச் சாப்பாடு. குறைவாகச் சாப்பிட்டவை சராசரியாக 13 வயது வரை இருந்தன, மற்றவை 11.2. மூட்டுத் தேய்மானமும் மெலிந்தவற்றுக்குத் தாமதமாகத்தான் வந்தது. ஏறக்குறைய இரண்டு வருட ஆயுளைக் கூட்டித்தந்த மூலிகை எதையும் நான் கேள்விப்பட்டதில்லை. நல்ல ஹோலிஸ்டிக் டாக்டர் என்றால் முதல் சந்திப்பிலேயே நாயைத் தராசில் ஏற்றி, ட்ரீட் கணக்குக் கேட்டு, உங்களைச் சங்கடப்படுத்துவார்.

உடற்பயிற்சியும் அப்படித்தான். வாரம் முழுக்கப் படுக்கவைத்து ஞாயிற்றுக்கிழமை பந்து எறிந்து ஓடவிடுவதைவிட, தினமும் மூன்று முறை பத்துப் பத்து நிமிடம் மெதுவாக நடப்பது நல்லது. தண்ணீருக்குள் ஓடும் ட்ரெட்மில் வசதி இருந்தால் அருமை, உடல் எடையைத் தண்ணீர் தாங்கிக்கொள்ளும், தசை வளரும். லேசர் சிகிச்சை செய்வார்கள், நாய்க்கும் உங்களுக்கும் கறுப்புக் கண்ணாடி மாட்டிவிடுவார்கள், படம் எடுக்க நன்றாக இருக்கும். வலிக்காது, ஆதாரம் சுமார். முதுகெலும்பை நெட்டி முறிப்பது போன்ற சிகிச்சையை மட்டும் எக்ஸ்ரே பார்க்காமல், கால்நடை மருத்துவர் அல்லாத யாரிடமும் செய்துகொள்ளாதீர்கள். வட்டு நழுவியிருக்கும் நாய்க்குத் தப்பான ஒரு திருகல் போதும், பின்னங்கால் இரண்டும் போய்விடும்.

இனி பாட்டில்கள். மூட்டுக்கு மீன் எண்ணெயில் இருக்கும் ஒமேகா 3 கொழுப்புக்கு ஓரளவு நல்ல ஆதாரம் இருக்கிறது, ஆனால் பலன் தர வேண்டிய அளவு அதிகம், அந்த அளவில் சில நாய்களுக்கு வயிறு இளகும், கலோரியும் ஏறும், அதனால் அளவை டாக்டர் எடை பார்த்துச் சொல்ல வேண்டும். திறந்த பாட்டில் கசப்பு வாடை அடித்தால் தூக்கிப் போடுங்கள். மஞ்சளைப் பற்றி எல்லோரும் கேட்பார்கள். மஞ்சளில் இருக்கும் குர்குமின் குடலில் மிகக் குறைவாகத்தான் உறிஞ்சப்படும். சாப்பாட்டில் ஒரு சிட்டிகை போடுவதால் தீங்கில்லை, அதிசயமும் இல்லை. கஞ்சாச் செடியிலிருந்து எடுக்கும் சிபிடி எண்ணெயை வைத்து கார்னெல் பல்கலைக்கழகம் 2018-ல் மூட்டு வலி நாய்களில் ஓர் ஆய்வு வெளியிட்டது, கிலோவுக்கு 2 மில்லிகிராம் வீதம் தினம் இரண்டு முறை கொடுத்ததில் வலி குறைந்தது, கூடவே கல்லீரல் நொதி ஒன்று சில நாய்களுக்கு ஏறியது. சட்டம் இடத்துக்கு இடம் மாறும், தரமும் பாட்டிலுக்குப் பாட்டில் மாறும், போதை தரும் டிஎச்சி கலந்த எண்ணெய் என்றால் நாய் தள்ளாடித் தள்ளாடி நின்ற இடத்திலேயே சிறுநீர் கழிக்கும். நீங்களாக வாங்கி ஊற்றும் பொருள் அல்ல.

இயற்கையானது என்றால் பாதுகாப்பானது என்று நினைப்பதில்தான் அதிகச் சேதம் நடக்கிறது. டீ ட்ரீ எண்ணெயை உண்ணிக்கும் தோல் அரிப்புக்கும் நீர்க்காமல் தடவி விஷமேறிய நாய்கள், பூனைகள் என்று அமெரிக்காவில் பத்து வருடத்தில், 2002 முதல் 2012 வரை, 443 சம்பவங்களைத் தொகுத்தார்கள். பூண்டும் வெங்காயமும் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும், தெள்ளுக்குப் பூண்டு நல்லது என்று தினமும் கொடுப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பூனையின் கல்லீரலில் சில வேதிப்பொருள்களைக் கழித்துக் கட்டும் நொதி சரியாக வேலை செய்யாது. பாராசிட்டமால் அதைக் கொல்வது அதனால்தான், வாசனை எண்ணெய்களும் வில்லோ பட்டை மருந்தும் அதற்கு ஆபத்தாவதும் அதே குறையால்தான். நாய்க்குச் சேர்ந்த மூலிகையைப் பூனைக்குப் பாதி அளவில் கொடுப்போம் என்ற கணக்கே தப்பு. அறுவை சிகிச்சை வருகிறது என்றால் மீன் எண்ணெய் உட்பட எல்லா சப்ளிமென்ட்டையும் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள், ரத்தம் உறைவதைப் பாதிக்கும் சமாச்சாரங்கள் அதில் நிறைய.

பூனை என்றதும் ஒன்று. பூனைக்கு மூட்டு வலி வந்தால் பெரும்பாலும் நொண்டாது. உயரத்தில் ஏறுவதை நிறுத்தும், நாற்காலிக்கும் தரைக்கும் நடுவில் ஒரு நொடி யோசிக்கும், முதுகின் கடைசிப் பகுதியை நக்கித் துடைக்க வளைய முடியாமல் அங்கே முடி சிக்குப் பிடிக்கும். 12 வயதைத் தாண்டிய பூனைகளின் எக்ஸ்ரேக்களைப் பார்த்த ஓர் ஆய்வில் 90 சதவீதத்துக்கு எங்கேனும் மூட்டுத் தேய்மானம் இருந்தது. வயசாகிவிட்டது, சோம்பேறியாகிவிட்டது என்று நாம் சொல்லிக்கொள்கிறோம்.

சாப்பாட்டு விஷயத்தில் சில ஹோலிஸ்டிக் டாக்டர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. கடையில் வாங்கும் உலர் தீனியை நிறுத்திவிட்டுப் பச்சை இறைச்சிக்கு மாறச் சொல்வார்கள். சால்மொனெல்லா, லிஸ்டீரியா கிருமிகள் நாயைவிட வீட்டிலிருக்கும் குழந்தைக்கும் முதியவருக்கும் ஆபத்து. 2024-ன் கடைசியில் அமெரிக்காவில் பச்சை இறைச்சித் தீனி சாப்பிட்ட பூனைகள் பறவைக் காய்ச்சலில் செத்திருக்கின்றன. சமைத்துக் கொடுப்பது நல்ல வழிதான், ஆனால் கண்ணளவில் அல்ல. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் புத்தகங்களிலும் இணையத்திலும் இருந்த 200 சமையல் குறிப்புகளை ஆராய்ந்து 2013-ல் வெளியிட்டார்கள், 95 சதவீதத்தில் ஏதாவது ஒரு அத்தியாவசியச் சத்து குறைந்திருந்தது. அதே வளாகத்தில்தான் 1987-ல், டாரின் என்ற அமினோ அமிலம் தீனியில் குறைந்தால் பூனையின் இதயம் வீங்கிச் செயலிழக்கும் என்றும், அதைச் சேர்த்தால் தேறுகிறது என்றும் கண்டுபிடித்தார்கள். அந்தக் காலத்தில் அந்த நோயில் செத்த பூனைகளுக்குக் கணக்கில்லை. அதனால் சமைத்துப் போட ஆசைப்பட்டால், பிராணி ஊட்டச்சத்தில் பயிற்சி பெற்றவரிடம் கிராம் கணக்கோடு எழுதி வாங்குங்கள்.

ஹோமியோபதி சொன்னால்? நான் செய்வதில்லை. 30சி என்று எழுதியிருந்தால் நூறில் ஒன்றாக முப்பது முறை நீர்த்தது, அதாவது ஒன்றுக்குப் பின்னால் 60 சைபர். 12சி-யைத் தாண்டினாலே மூலப்பொருளின் ஒரு மூலக்கூறுகூட மிஞ்ச வாய்ப்பில்லை. பிரிட்டனில் கால்நடை மருத்துவர்களை ஒழுங்குபடுத்தும் ராயல் காலேஜ், 2017 நவம்பரில், ஹோமியோபதிக்கு அங்கீகரிக்கப்பட்ட ஆதாரம் இல்லை, ஆதாரமுள்ள சிகிச்சைக்குப் பதிலாக அதைத் தரக்கூடாது என்று அறிக்கை விட்டது. சர்க்கரை உருண்டை யாரையும் கொல்லாது. இன்சுலினை நிறுத்திவிட்டு அதைக் கொடுத்தால் கொல்லும். தடுப்பூசிக்குப் பதில் நோசோடு என்று, நோய்ப் பொருளையே ஹோமியோபதி முறையில் நீர்த்துச் செய்த ஒரு சொட்டு மருந்து தருவார்கள், அதை நம்பி குட்டியைப் பார்வோ என்ற வைரஸ் நோய்க்குப் பலி கொடுக்காதீர்கள்.

தடுப்பூசியில் அவர்கள் சொல்வதில் பாதி நியாயமும் உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன். வருடா வருடம் எல்லா ஊசியும் போட வேண்டியதில்லை என்றுதான் உலகச் சிறுபிராணி கால்நடை மருத்துவச் சங்கத்தின் வழிகாட்டுதலும் சொல்கிறது. குட்டிப் பருவத் தொடர் ஒழுங்காக முடிந்த வளர்ந்த நாய்க்கு டிஸ்டெம்பர், பார்வோ, அடினோவைரஸ் ஊசிகளை மூன்று வருடத்துக்கு ஒரு முறைக்கு மேல் போடத் தேவையில்லை. போடுவதற்கு முன் ரத்தத்தில் எதிர்ப்பாற்றல் இருக்கிறதா என்று பரிசோதித்தும் பார்க்கலாம். வெறிநாய்க்கடி ஊசி சட்டப்படி, எலிக்காய்ச்சல் ஊசி தேவைப்படும் இடங்களில் வருடா வருடம். இதைத்தான் அவர் சொல்கிறார் என்றால் கேளுங்கள். எந்த ஊசியும் வேண்டாம் என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

எழுந்து வர வேண்டிய இடங்கள் வேறு சிலவும் உண்டு. பழைய டாக்டரிடம் சொல்லாதீர்கள் என்பவர். புற்றுநோயைக் குணப்படுத்துவேன் என்பவர். நோய் என்ன என்று தெரிவதற்கு முன்பே மூன்று மாதத்துக்கான மருந்தை எடுத்து மேஜையில் வைப்பவர். முடியும் எச்சிலும் அனுப்பினால் ஒவ்வாமையைக் கண்டுபிடிப்போம் என்கிற சோதனை. 2019-ல் வந்த ஓர் ஆய்வில் நாய்களின் மாதிரிகளோடு செயற்கை முடியையும் உப்புநீரையும் தனி மாதிரிகளாக அனுப்பிப் பார்த்தார்கள், அவற்றுக்கும் ஒவ்வாமைப் பட்டியல் வந்தது. அப்புறம், எந்த ஹோலிஸ்டிக் டாக்டரையும் தேடக்கூடாத நேரங்கள்: வயிறு உப்பி வாந்தி வராமல் ஓங்கரிக்கும் பெரிய நாய், சிறுநீர் வராமல் முக்கும் ஆண் பூனை, நிற்காத வலிப்பு, மூச்சுத் திணறல். அவசர சிகிச்சைக்கு ஓடுங்கள்.

போவதென்று முடிவு செய்தால் முதல் நாளே டாக்டரிடம் ஒரு ஒப்பந்தம் போட்டுக்கொள்ளுங்கள். எதை வைத்து முன்னேற்றம் என்று சொல்லப்போகிறோம், எத்தனை தடவைக்குப் பிறகு நிறுத்துவோம். எத்தனை நொடியில் எழுகிறது, எத்தனை படி ஏறுகிறது என்பது போல எண்ணக்கூடியதாக இருக்கட்டும். நல்லவராக இருந்தால் அவரே சொல்லுவார். என்னிடம் ஒரு கிழட்டு மேய்ப்பு நாய் வந்துகொண்டிருந்தது. ஆறாவது தடவை முடிந்ததும் முதல் நாள் வீடியோவையும் அன்றைய வீடியோவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம், ஒரு வித்தியாசமும் இல்லை. ஊசி இவனுக்குப் பலன் தரவில்லை, இனி காசை வீணாக்க வேண்டாம் என்றேன். அந்த அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. இவனுக்கு இந்த அறை பிடித்திருக்கிறதே டாக்டர் என்றார். மூட்டு வலிக்காக மாதம் ஒரு முறை போடும் ஆன்டிபாடி மருந்து ஊசிக்கு மாற்றி, எடையையும் மூன்று கிலோ இறக்கினோம், நடை கொஞ்சம் தேறியது. இப்போதும் வருகிறான், நகம் வெட்டிக்கொள்ள மட்டும். வந்ததும் பழைய ஞாபகத்தில் அந்தப் பாயில் போய்ப் படுத்துக்கொள்கிறான்.